புல் இல்லாத தரை

லாபிஸில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், சாமி மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. பத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். ரப்பர்த் தோட்டத்தின் படம். நடுவில் ஒரு மண்சடக்கு. இரண்டு பக்கமும் பால்மரங்கள் நிரை பிடித்து நிற்கின்றன. தூரம் போகப் போக நெருங்கி ஒரு புள்ளியில் முடிந்துவிடுகின்றன. வானம் வெறும் வெள்ளை. ஆள் ஒருவர்கூட இல்லை. இடது ஓரத்தில், மூன்றாவது மரத்துக்குப் பக்கத்தில் மட்டும் புகை போல ஒரு சின்னக் கறை.

தாத்தா தோட்டத்து ஆபீசில் பியூனாக இருந்தவர். தோட்டம் கைமாறி, பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட வருடம் பழைய ஆபீசைக் காலி செய்தார்கள். மேசை நாற்காலிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பழைய பேரேடுகளைக் கொளுத்தினார்கள். சுவரில் இருந்த இந்தப் படத்தை மட்டும் தாத்தா கேட்டு வாங்கிக்கொண்டார். 2011 ஜனவரிக் கடைசியில், தெனாங் இடைத்தேர்தல் நடந்த அந்த வாரக் கடைசியில், லாபிஸ் வட்டாரம் முழுக்க வெள்ளம். எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. சாமி படங்களை மேலே தூக்கி வைத்தவர்கள் இதை மறந்துவிட்டோம். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, படத்தின் கீழ் இரண்டு அங்குலத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

சின்ன வயதில் எனக்கு அந்தப் படம் பிடிக்காது. பார்க்க அதில் ஒன்றும் இல்லை. மரம், மரம், மரம். வாசலில் நின்றால் செம்பனை, சுவரில் பார்த்தால் பால்மரம். யாராவது ஒரு வெள்ளைக்காரத் துரை தொப்பியோடு நின்றிருந்தால்கூடக் கதை சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

பத்து பகாட் பக்கம் சிவில் பொறியியல் படித்த காலத்தில்தான் அது திடீரென்று முக்கியமான படமாகிவிட்டது. நூலகத்தில் கான்கிரீட் புத்தகத்துக்கு நடுவே வேறு புத்தகங்களையும் வாசித்துக்கொண்டிருந்தேன். (ரோலான் பார்த்தையும் சூசன் சொன்டாக்கையும் இழுக்காமல் தமிழில் புகைப்படம் பற்றி எழுத முடியாது போலிருக்கிறது. இதோடு அவர்களை விட்டுவிடுகிறேன்.) அப்போது ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். தலைப்புகூடத் தயார்: ‘ஆளில்லா நிலம்.’ வாதம் ரொம்பச் சுலபம். காலனியப் புகைப்படக்காரன் தொழிலாளியைச் சட்டகத்தை விட்டு விரட்டிவிட்டு நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டான், நம் முன்னோர் வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்டார்கள், முடிந்தது. எழுதியிருந்தால் நாலு பேர் பகிர்ந்திருப்பார்கள். எழுதாதது நல்லதாகப் போயிற்று. அந்த வாதம் பாதிதான் சரி.

மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள 1838க்குப் போக வேண்டும். பாரிஸில் லூயி டாகேர் தன் வீட்டுச் சன்னலிலிருந்து கீழே தெரிந்த பெரிய சாலையைப் படம் எடுத்தார். அந்தச் சாலையில் வண்டியும் ஆளுமாகப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. தகட்டில் ஒளி பதிய சில நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். படத்தில் சாலை காலி. ஒரே ஒரு ஆள் மட்டும் மூலையில் தெரிகிறார். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றவர். நின்றதால் பதிந்தார். அவர் காலடியில் வேலை செய்தவர், கை அசைந்துகொண்டே இருந்ததால், பாதிதான் பதிந்திருக்கிறார். மனிதர் தெரியும் மிகப் பழைய புகைப்படம் என்று சொல்லப்படுவது இதுதான். இதிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. பாலிஷ் போட்டுக்கொண்டவர் தெளிவு, போட்டுவிட்டவர் மங்கல்.

நம் பக்கத்துக்கும் கேமரா சீக்கிரமே வந்துவிட்டது. 1844ல் ழூல் இத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் குன்றிலிருந்து ஆற்றங்கரையைத் தகட்டில் பிடித்தார். 1860களில் ஜான் தாம்சன் வந்தார், பிறகு லேம்பர்ட் கம்பெனி வந்தது. ரப்பர்த் தோட்டம் என்று வரும்போது எனக்கு முக்கியமானவர் கிளைன்குரோத்த. ஜெர்மானியர், சுமத்ராவில் மேடான் நகரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்ட முதலாளிகள்தான் அவருக்குப் பெரிய வாடிக்கையாளர்கள். 1907 வாக்கில் மலாய்த் தீபகற்பத்துக் காட்சிகளையும் ஓர் ஆல்பமாகப் போட்டார். அவருடைய படங்கள் பல லைடன் பல்கலைக்கழகத் தொகுப்பில் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன.

அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது என் ‘ஆளில்லா நிலம்’ ஆட்டம் கண்டது. ஆட்கள் இருக்கிறார்கள். நிறையவே இருக்கிறார்கள். வரிசையாக, கைகளைத் தொங்கப் போட்டு, கேமராவைப் பார்த்தபடி. மரத்துப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்றால் மரம் எவ்வளவு பெரிசு என்று காட்டத்தான், அளவுகோல் மாதிரி. விரட்டிவிட்டான் என்பது தவறு. இருக்கச் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றவர்கள் பதிந்தார்கள், வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கரைந்துபோனார்கள். மரநிழலில் வெளிச்சம் குறைவு. முன்மரமும் கடைசி மரமும் ஒரே தெளிவில் வேண்டுமென்றால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும், அப்போது ஒளி இன்னும் குறையும். ஒரு விநாடி, ரெண்டு விநாடி திறந்து வைத்தால்தான் படம். அந்த ரெண்டு விநாடியில் ஒரு பெண் மரத்துக்கு மரம் தாண்டிப் போயிருந்தால் கிடைப்பது எங்கள் படத்தின் இடது ஓரத்துக் கறைதான்.

படம் நல்ல படமா என்று கேட்டால், நல்ல படம்தான். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. சிவில் படித்தவனாக அந்த நிரையை ரசிக்கிறேன். 20 அடிக்கு 20 அடி வைத்தால் ஏக்கருக்கு 108 மரம் வரும். மேடும் பள்ளமுமான ஜொகூர் மண்ணில், காட்டை வெட்டி எரித்த பிறகு மிச்சம் கிடக்கும் கட்டைகளுக்கு நடுவே, சங்கிலி பிடித்து முளைக்குச்சி அடித்து இவ்வளவு நேராக நட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நேர் எல்லா இடத்திலிருந்தும் தெரியாது. நிரைக்கு உள்ளே ரெண்டு அடி தள்ளி நின்றால் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கலைந்துவிடும். சடக்கின் நடுவில் நின்றால்தான் அத்தனையும் ஒரு புள்ளிக்கு ஓடும். இந்தப் படத்தில் கேமரா நிற்கும் உயரமும் சாதாரண ஆள் உயரம் இல்லை, கொஞ்சம் மேலே. வண்டியில் உட்கார்ந்து வருபவரின் கண் உயரம். இது சடக்கில் போகிறவரின் தோட்டம். மரத்தோடு மல்லுக்கட்டியவர்களின் தோட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும். இவ்வளவு தூரம் நானே வந்துவிட்டேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

போன வருடம் படத்தை ஸ்கேன் செய்தேன், வெள்ளக் கோடு மேலே ஏறுவதற்குள் காப்பாற்றி வைக்கலாமே என்று. செய்ததோடு நிறுத்தியிருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுக்கும் செயலி ஒன்று கைபேசியில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். பத்து விநாடியில் படம் மாறிவிட்டது. வானம் நீலம். மரப்பட்டை பழுப்பு. தரை முழுக்கப் பச்சைப் புல், கம்பளம் விரித்த மாதிரி. வெள்ளக் கோட்டையும் அதுவே துடைத்துவிட்டது. இடது ஓரத்துக் கறை அழகான ஒரு செடியாகிவிட்டது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அரைமணி நேரத்தில் இருபது இதயம். “சொர்க்கம் மாதிரி இருந்திருக்குடா நம்ம தோட்டம்” என்று மாமா எழுதினார். “அந்தக் காலம் வருமா?” என்று அத்தை. தோட்டத்தை விட்டு வெளியேறத் துடித்தவர்கள்தான் ரெண்டு பேரும்.

பாட்டிக்குக் கைபேசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எந்தத் தோட்டம்?”

“நம்ம தோட்டம்தான் பாட்டி. தாத்தா கொண்டாந்த படம். கலர் பண்ணியிருக்கேன்.”

“நம்ம தோட்டம் மாதிரி இருக்கு. ஆனா நம்ம தோட்டம் இல்லய்யா. இவ்ளோ புல்லு எப்படி இருக்கும்?”

பிறகு எழுந்து போய்ச் சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்றார். எங்கள் வீட்டில் அந்தப் படத்தை அவர் நின்று பார்த்து நான் பார்த்ததே இல்லை. விரலை நேராகத் தரைக்குக் கொண்டுபோனார். நான் இத்தனை வருடமும் பார்த்தது மரத்தை, வானத்தை, அந்தத் தூரத்துப் புள்ளியை. அவர் பார்த்தது தரையை.

“நெழல பாரு, மரத்துக்கு அடியிலயே கெடக்கு. மணி பன்னெண்டு இருக்கும். பால் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டு போயிருப்பாங்க. அப்புறம் எங்க ஆளு இருக்கும்?”

இதுவும் எனக்குத் தோன்றவில்லை. மரம் சீவுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். புகைப்படக்காரருக்கோ வெயில் ஏறினால்தான் வெளிச்சம். இருவருடைய நேரமும் சந்திக்கவே சந்திக்காது. அசைவால் கரைந்துபோனவர்கள் என்று நான் போட்ட கணக்குக்கு முன்னால் இன்னொரு கணக்கு இருந்திருக்கிறது. படத்தில் மங்கு எந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது என்றுகூடப் பாட்டி தேடினார், தெரியவில்லை.

“தரையப் பாரு. தொடச்சு வச்ச மாதிரி. ஒரு புல்லு இல்ல. அது சும்மாவா வரும்? எங்க ஆத்தாவெல்லாம் வெளிக்காட்டு வேலைதான். வெட்டிக்கிட்டே போவாங்க. அந்தக் கடைசிக்குப் போயி முடிக்கிறதுக்குள்ள இந்தக் கடைசியில மொளைச்சிரும்.”

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் தரை துடைத்த மாதிரி இருப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம். லாலான் என்றால் அவ்வளவு பயம். லாலான் புகுந்த தோட்டத்தின் பங்குக்குச் சந்தையில் மதிப்பில்லை என்கிற அளவுக்குப் பயம். ஆகவே மண்வெட்டியோடு ஒரு கும்பல் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் பெண்கள்தான் அதிகம். சிறுவர்களும் இருப்பார்கள். மரம் சீவுவது கைத்தொழில், அதற்கு ஒரு மரியாதை உண்டு. உளி பிடிப்பவரைப் பற்றிப் பாட்டு உண்டு, கதை உண்டு. புல் வெட்டியவருக்கு என்ன இருக்கிறது? 1920களின் கடைசியில் சிலாங்கூரில் இந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த கூலி ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு குறைத்துக் கொடுத்து வாங்கிய சுத்தம் அது.

அப்படியானால் எங்கள் படத்தில் ஆள் இல்லை என்பது பெரிய தவறு. கீழ்ப் பாதி முழுக்க ஆட்கள்தான் இருக்கிறார்கள். வெற்றுத் தரை என்று நான் நினைத்த அந்த இடம் பெண்கள் செய்த வேலையின் படம். வேலை செய்த தடமே தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் நேர்த்தி. வீட்டில் கூட்டிப் பெருக்குவதும் அப்படித்தானே. கூட்டாத அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

அந்த இடத்தில்தான் செயலி புல்லை வளர்த்துவிட்டது.

ஏன் அப்படிச் செய்தது என்று கொஞ்சம் தோண்டினேன், என் தொழில் புத்தி. இன்றைய கலர் படம் ஒன்றைக் கணினி கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது வழக்கமான ஒரு கணக்கு உண்டு: சிவப்புக்கு 30 விழுக்காடு, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. நம் கண் பார்க்கும் விதத்தை ஒட்டிய கணக்கு. செயலிகள் இப்படி மாற்றிய லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான் எந்தச் சாம்பலுக்கு எந்த நிறம் என்று கற்றுக்கொள்கின்றன. ஆனால் பழைய தகடுகள் நம் கண் மாதிரி பார்த்தவை அல்ல. ஆரம்பகாலத் தகடுகளுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். பின்னால் வந்தவை பச்சையையும் ஓரளவு பிடித்தன. சிவப்பு மட்டும் ரொம்ப நாள் அவற்றின் கண்ணில் படவே இல்லை. அதனால்தான் அந்தக் காலப் படங்களில் நீல வானம் வெளுத்துப் போய்க் கிடக்கிறது. சிவப்பாக இருந்ததெல்லாம் இருண்டுவிட்டது.

எங்கள் பக்கத்து மண் என்ன நிறம்? செகாமாட்டிலிருந்து லாபிஸ் வழியாக யொங் பெங் போகும் பழைய சாலையில், மேட்டை வெட்டிய இடத்தில் எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். சிவப்பு. அந்தச் சிவப்பு மண் தகட்டில் இருண்ட சாம்பலாக விழுந்தது. இருண்ட சாம்பல் தரை என்றால் செயலிக்குத் தெரிந்தது புல்வெளி. பச்சையை அள்ளிப் பூசிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தகட்டுக்குச் சிவப்பு தெரியாது, செயலிக்கு அந்தத் தகட்டைத் தெரியாது. ரெண்டு குருடும் சேர்ந்து எங்கள் பூட்டியின் வேலையை மூடிவிட்டன.

இதைச் சொன்னால் நண்பர்கள், “அப்ப பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் உண்மையா?” என்று கேட்கிறார்கள். அதுவும் இல்லை. 1858ல் லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று சுற்றிப் படம் எடுத்தார். நெகட்டிவில் வானம் வெறுமையாக விழும்போது அவர் தூரிகையை எடுத்து மேகத்தைத் தன் கையாலேயே வரைந்தார். காற்றில் ஆடிக் குழம்பிய இலைகளையும் தொட்டுத் திருத்தினார். அதே ஆள்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படமாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். எழுத்துகள் எண்ணூறு வருடத்துக்கு மேல் அசையாமல் நின்றவை, பதிந்துவிட்டன. டிரைப்பின் மேகத்துக்கும் என் செயலியின் புல்லுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டிரைப் எதை வரைந்தோம் என்று தெரிந்து வரைந்தார். தூரிகைத் தடத்தை இன்றைக்கும் நெகட்டிவில் கண்டுபிடிக்கிறார்கள். என் புல்லில் தடமே இல்லை. பாட்டி இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

இதில் நம் எழுத்தையும் இழுக்காமல் இருக்க முடியவில்லை. நம் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் தோட்டம் எப்படி ஆரம்பிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பனி மூட்டம். வரிசையாகப் பால்மரங்கள். இலையுதிர் காலத்தில் செக்கச் சிவந்த இலைகள். காய் வெடிக்கும் சத்தம். பிறகுதான் ஒரு ஆள் மெதுவாக நடந்து வருவார். போட்டிக் கதைகளில் இந்த முதல் பத்தியை மாற்றி மாற்றி ஒட்டினால்கூட யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நானே ரெண்டு கதை அப்படி எழுதியிருக்கிறேன், ரெண்டும் பிரசுரமானது. சடக்கின் நடுவில் கேமராவை வைத்தவரின் பார்வையைத்தான் நாமும் எடுத்துக்கொண்டிருக்கிறோம், முதலில் நிலம், பிறகு அதன்மேல் ஆள் என்று. அந்த நிலம் அப்படி இருப்பதே ஒரு ஆள் செய்த வேலை என்பது கதைக்குள் வருவதில்லை. சீ. முத்துசாமி தன் நாவலுக்கு ‘மண்புழுக்கள்’ என்று பெயர் வைத்ததை முன்பெல்லாம் வெறும் உருவகமாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அந்தப் பெயர் நம் கண்ணை எங்கே கொண்டுபோகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

திணை என்று ஆரம்பித்தால் பாதி வாசகர்கள் ஓடிவிடுவார்கள், தெரியும். ஒரே ஒரு விஷயம். தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டும் அல்ல, நிலத்தையும் பொழுதையும் சேர்த்து. கருப்பொருளில் மரம், விலங்கோடு அங்கே செய்யும் தொழிலும் உண்டு. இலக்கணம் படித்த நான் படத்தில் தேடியது அரசியலை. ரெண்டாம் வகுப்பு தாண்டாத பாட்டி முதலில் பொழுதைச் சொன்னார், அடுத்து தொழிலைச் சொன்னார்.

பாட்டியின் பேச்சைக் கேட்டு நானும் ஒரேயடியாக அந்தச் சுத்தமான தரையைக் கொண்டாடத் தொடங்கிவிட்டால் அதுவும் இன்னொரு செயலி வேலைதான். அந்தத் தரை நல்ல தரை இல்லை. எங்கள் துறையில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: மூடாத சரிவில் நம் ஊர் மழை விழுந்தால் மேல்மண் நிற்காது. புல்லைத் துடைத்தெடுத்த தோட்டங்களில் மேல்மண் ஓடி ஆற்றில் போய்ச் சேர்ந்தது. பிறகு நிர்வாகங்களே தவற்றை உணர்ந்து நிரைக்கு நடுவே கொடிகளை வளர்க்க ஆரம்பித்தன. ஒரு நாற்பது காசுக் கூலிக்காரப் பெண் நாள் முழுக்க முதுகு வளைத்துச் செய்த வேலை, மண்ணுக்கு நல்லது செய்யாத வேலை. இது எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான்.

பாட்டியின் தலைமுறையில் மண்வெட்டி குறைந்து முதுகில் மருந்துத் தோம்பு ஏறியது. நிரைக்குள் முழுக்கத் துடைக்க வேண்டாம், மரத்தைச் சுற்றி மட்டும் அடித்தால் போதும். மருந்து என்றுதான் சொல்வார்கள், விஷம் என்று யாரும் சொன்னதில்லை. பாராக்குவாட்டை நம் அரசாங்கம் 2002ல் தடை செய்தது, 2006ல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. பாட்டியின் வலது கையில் ரெண்டு விரலுக்கு நகம் ஒழுங்காக வளராது. கோணலாக, தடித்து, வெள்ளைத் திட்டோடு இருக்கும். அந்த விரலால்தான் அன்றைக்குப் படத்தின் தரையைத் தொட்டுக் காட்டினார்.

இடது ஓரத்துக் கறையைப் பற்றியும் கேட்டேன். அசைந்த ஆளாக இருக்கலாம் என்று என் விநாடிக் கணக்கையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“பன்னெண்டு மணிக்கு மேல ஒட்டுப்பால் பொறுக்கப் போனவளா இருக்கும். இல்லாட்டி ஒண்ணுக்குப் போனவளா இருக்கும்” என்றார். பிறகு, “பெருசு பண்ணிப் பாக்க முடியுமா?”

பெரிசாக்கினேன். கறை பெரிசானது. முகம் வரவில்லை, சேலை வரவில்லை. உயரத்தை மட்டும் பக்கத்து மரத்தின் வெட்டுப்பட்டையை வைத்துக் கணக்குப் போடலாம். ஐந்தடிக்குக் குறைவு. அதற்கு மேல் தகட்டில் எதுவும் இல்லை. செயலியிடம் கேட்டால் ஒரு முகம் கொடுக்கும், கேட்கவில்லை.

குழுவில் போட்ட பச்சைப் படத்தை அழித்துவிட்டேன். ஆனால் தாமதம். மாமா அதை ஏற்கெனவே யாருக்கோ அனுப்பிவிட்டார். கடந்த தீபாவளிக்கு முந்தைய வாரம், எங்கள் தோட்டத்து முன்னாள் மக்கள் ஒன்றுகூடல் லாபிஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. உள்ளே நுழைந்ததும் மேடைக்குப் பின்னால் எட்டடி பதாகை. அதேதான். நீல வானம், பச்சைக் கம்பளம், இடது ஓரத்தில் அந்தச் செடி, மேலே மஞ்சள் எழுத்தில் ‘நாம் வாழ்ந்த சொர்க்கம்.’ ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் வரிசையாக நின்று அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செடிக்கு முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் சாய்ந்து அதற்கும் இடம் விட்டார்கள்.

பாட்டியைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வயதுள்ள இன்னும் மூன்று நாலு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே கும்பலில் வேலை செய்தவர்கள். பாட்டி உட்காரவில்லை. பதாகைக்குப் பக்கத்தில் போய், குனிந்து அதன் கீழ்ப் பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“யாருடி இது, இவ்ளோ புல்ல விட்டு வச்சது?” என்றார் சத்தமாக.

முன்வரிசை முழுக்கச் சிரித்தது. அதில் ஒரு பாட்டி, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “நாளைக்குக் காலையில பெரட்டுல கேட்டுருவோம்” என்றார்.